சகலையின் கார் ரிமோட்

பாப்பா, தம்பி, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பாப்பாவுக்கு இதில் பாதி தெரியும். தம்பி, உனக்கு அப்போது ஆறு வயது. லாஸ்பேட்டையில் பெரியப்பா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்பது மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஏன் என்று நீ பல தடவை கேட்டிருக்கிறாய். நானும் ஒவ்வொரு தடவையும் எதையாவது சொல்லி மழுப்பியிருக்கிறேன். விஷயம் இதுதான். உங்கள் பெரியப்பா மேல் எனக்குப் பொறாமை இருந்தது. அந்தப் பொறாமையில் ஒரு காரியம் செய்தேன்.

உங்கள் அம்மாவுடைய அக்காவின் வீட்டுக்காரர் அவர். எனக்குச் சகலை. ஃப்ரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் சொல்தா. நாற்பது வயதுக்கு மேல் கொஞ்சம், அதற்குள் பென்ஷன். காலையில் ஒன்பது மணிக்கு எழுந்திருப்பார். நான் ஐந்தரைக்கு எழுந்து, முத்தியால்பேட்டையிலிருந்து மொபெட்டில் சேதராப்பட்டுத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்து, முதல் மெஷினின் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போது, 'இப்போதுதான் சகலை புரண்டு படுத்திருப்பார்' என்று நினைப்பேன். அவர் தூக்கத்தின்மேல்கூட எனக்குப் பொறாமை. இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பாக இல்லை.

அவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார். பார்க்கிறவர்கள் வணக்கம் வைப்பார்கள். அதே சட்டையை நான் போட்டு நடந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் ரொட்டியைக் கையால் பிய்த்து மீன் குழம்பில் தோய்த்துத் தின்பார். தம்பி, நீயும் அதைப் பார்த்து வீட்டில் இட்லியை அப்படிப் பிய்க்க ஆரம்பித்தாய். எதைச் செய்து முடித்தாலும் அவர் கையை விரித்து "வொலா!" என்பார். நீ பல் தேய்த்துவிட்டு வந்து என் முன்னால் கையை விரித்து "வொலா!" என்றாய். உங்கள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கார் வந்ததும் பொறுக்க முடியவில்லை.

வெள்ளை நிறக் கார். சாவி தனி, ரிமோட் தனி. ரிமோட் என்றால் தீப்பெட்டியில் பாதி அளவு, கறுப்பாக, இரண்டு பொத்தான். இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டியிருப்பார். ஒரு பொத்தானை அமுக்கினால் கார் "டுயிக் டுயிக்" என்று கத்தி நான்கு கதவும் பூட்டிக்கொள்ளும். இன்னொன்றை அமுக்கினால் ஒரு தடவை கத்தித் திறந்துகொள்ளும். நம் உறவில் அப்போது யாரிடமும் அப்படி ஒரு வண்டி கிடையாது. அவர் அதை உங்களிடம் கொடுத்து அமுக்கச் சொல்வார். மாடியில் நின்றுகொண்டு, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, எத்தனை விதமாக உண்டோ அத்தனை விதமாகவும் நீங்கள் அமுக்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலையிலேயே "பெரியப்பா வீட்டுக்குப் போலாம்" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். எனக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு. அந்த நாளும் லாஸ்பேட்டைக்குப் போய்விட்டது.

ஒரு நாள் நான் மொபெட்டை ஸ்டாண்டு போட்டுப் பூட்டும்போது தம்பி பக்கத்தில் நின்று கேட்டான்: "ஏம்பா, உன் வண்டி மட்டும் ஏன் கத்த மாட்டேங்குது?"

"அதுக்கு வாய் இல்லடா."

"பெரியப்பா வண்டிக்கு இருக்குதே."

குழந்தை கேட்ட கேள்வி. ஆனால் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வருஷம் வெயில் காலத்தில் பெரியம்மா துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையில், வண்டியோடு வந்த இரண்டு ரிமோட்டில் ஒன்று இருந்துவிட்டது. வாஷிங் மெஷினில் ஒரு மணி நேரம் சுற்றி, சோப்பு வாசனையோடு வெளியே வந்தது. செத்துவிட்டது. மிச்சம் இடுப்பில் தொங்குகிற ஒன்றுதான். சகலை மெட்ராஸ் கம்பெனிக்குச் சொல்லி ஒரு புது ரிமோட்டை கூரியரில் வரவழைத்தார். வந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. புதிதாக வருகிற ரிமோட்டை வண்டி அடையாளம் கண்டுகொள்ளாது, வண்டிக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு வண்டியை மெட்ராஸ் எடுத்து வாருங்கள் என்று போனில் சொல்லிவிட்டார்களாம்.

அன்று நாம் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். ரிமோட் வந்த அட்டைப் பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. பொடி எழுத்து, எல்லாம் இங்கிலீஷ். சகலை அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மேசையில் எறிந்தார்.

"எல்லாத்தையும் இங்கிலீஷ்லயே போடுவான். ஃப்ரான்ஸா இருந்தா ஃப்ரெஞ்சுல போட்ருப்பான், நானே பண்ணிட்டுப் போயிடுவேன்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு இங்கிலீஷ் வராது. அவர் படித்தது முழுக்க ஃப்ரெஞ்சுப் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு பட்டாளம். எனக்கும் வராது. பத்தாவது வரை தமிழில் படித்தேன், பிறகு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன். மெஷினில் எழுதியிருக்கிற ஆன், ஆஃப், டேஞ்சர் தெரியும், அவ்வளவுதான். ஆனால் என் மகள் இங்கிலீஷ் மீடியத்தில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"மெட்ராஸ் எதுக்கு சகலை? பேப்பரைக் குடுங்க, நானே பண்ணித் தரேன்" என்றேன்.

"இன்னா சகல, ஃபேன் ரிப்பேருன்னு நெனச்சியா? இது கம்ப்யூட்டர் வேலை."

"தொழிற்சாலையில நான் பாக்குறதும் கம்ப்யூட்டர் போட்ட மெஷின்தான்."

"பாரேன், கோவம் வருது!" என்று சிரித்துக்கொண்டே தாளை என் சட்டைப் பையில் செருகினார். "எடுத்துப் போ. அடுத்த ஞாயித்துக்கெழம வண்டி உன்னுது. எரிச்சிடாத."

அந்த ஒரு வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரே ஒரு தடவை, நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சகலையால் முடியாத ஒன்றை நான் செய்துவிட வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அது மட்டும்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் பாப்பாவும் நானும் தரையில் உட்கார்ந்தோம். அவள் தாளை விரித்து ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் அவளுடைய பழைய ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். தெரியாத வார்த்தைக்கு டிக்ஷனரியைப் புரட்டினாள். எல்லாக் கதவையும் மூட வேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்து சாவியை ஆஃபிலிருந்து ஆனுக்கும் ஆனிலிருந்து ஆஃபுக்குமாகப் பத்து நொடிக்குள் எட்டு தடவை திருப்ப வேண்டும். எட்டாவது ஆனில் நிறுத்த வேண்டும். இன்ஜின் கிளம்பக் கூடாது. சரியாகத் திருப்பியிருந்தால் பூட்டுகள் தானாக ஒரு தடவை மூடித் திறக்கும். உடனே ரிமோட்டின் பொத்தானை அமுக்க வேண்டும். மறுபடி பூட்டு மூடித் திறந்தால் ரிமோட் வண்டிக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம்.

"அவ்ளோதானா?" என்றேன்.

"இன்னும் ஒரு வரி இருக்குதுப்பா. கீழ கட்டம் போட்டு எழுதியிருக்குது." விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். "ஏற்கெனவே இருக்கிற ரிமோட்டையும் அதே நேரத்துல மறுபடி அமுக்கணும். அமுக்கலன்னா வண்டி அதை மறந்துடும்."

பேனாவைத் தாளில் வைத்தேன். எழுதவில்லை.

"எழுதிட்டியாப்பா?"

"ம்" என்றேன்.

பாப்பா, முதல் பொய் அதுதான். நீ நோட்டை வாங்கிப் பார்க்கவில்லை. அப்பா எழுதிவிட்டேன் என்றால் எழுதிவிட்டார் என்று நம்பி டிக்ஷனரியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

மறுநாள் காலையில் சகலை பெத்தாங் விளையாடக் கிளம்பிக்கொண்டிருந்தார். அந்த இரும்புக் குண்டு உருட்டுகிற ஆட்டத்துக்கு ஞாயிறு தவறாமல் போவார். கூட்டாளி ஒருவர் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றார். சகலை இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றி, சாவியையும் பழைய ரிமோட்டையும் சேர்த்தே என் கையில் போட்டார்.

"நான் வரும்போது வண்டி வண்டியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, குண்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார்.

நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பாப்பா, மடியில் அந்த இங்கிலீஷ் தாள், கையில் புது ரிமோட். பின்னால் தம்பி, எண்ணிக்கை சொல்கிற வேலை அவனுக்கு. வண்டி வெயிலில் நின்றிருந்தது. கதவை மூடியதும் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. தம்பி தன் பக்கத்துக் கதவைச் சரியாக மூடவில்லை. இரண்டாவது தடவை அவன் ஐந்துக்குப் பிறகு ஏழு என்றான்.

"ஆறு எங்கடா?" என்று பாப்பா அவன் தலையில் தட்டினாள்.

"வேகமா எண்ணச் சொன்னாரில்ல, அதான் வுட்டுட்டேன்."

மூன்றாவது தடவை நானே மனதுக்குள் எண்ணினேன். திருப்பத் திருப்ப டேஷ்போர்டில் சிவப்பு விளக்குகள் எரிந்து எரிந்து அணைந்தன. எட்டாவது ஆனில் நிறுத்தினேன். நான்கு கதவிலும் பூட்டு "டக் டக்" என்று தானாக மூடித் திறந்தது. 

"அமுக்கு!"

பாப்பா புது ரிமோட்டை அமுக்கினாள். மறுபடியும் "டக் டக்". தம்பி இருக்கைமேல் ஏறிக் குதித்தான். தொழிற்சாலையில் நின்றுபோன எத்தனையோ மெஷினை ஓட வைத்திருக்கிறேன், அங்கே யாரும் எனக்காகக் குதித்தது கிடையாது.

"இப்பப் பழசுப்பா. சீக்கிரம், பழச அமுக்கு" என்றாள் பாப்பா.

பழைய ரிமோட் என் விரலை ஒட்டித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பும்போதெல்லாம் என் விரல் மூட்டில் இடித்துக்கொண்டே இருந்தது. கட்டை விரலை ஓர் அங்குலம் நகர்த்தினால் போதும். நான் சாவியை ஆஃப் பண்ணி வெளியே உருவினேன்.

"அது வேணாம் பாப்பா. அது ஏற்கெனவே வண்டிக்குப் பழகினதுதானே."

"இல்லப்பா, கடைசி வரியில..."

"பேப்பர்ல ஆயிரம் போடுவான். எலக்ட்ரீசியன் நானா, நீயா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். அதை வந்த மடிப்பிலேயே எட்டாக மடித்துப் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

நான் கணக்குப் போட்டிருந்தது இப்படித்தான். சகலை வருவார். புது ரிமோட் என் கையில் கத்தும். அவருடையது கத்தாது. அவர் திரும்பத் திரும்ப அமுக்குவார், பிள்ளைகள் பார்ப்பார்கள். பிறகு என்னைக் கேட்பார். ஒரு நாளைக்காவது அவர் என்னைக் கேட்கட்டும்.

அப்படியேதான் நடந்தது. பன்னிரண்டு மணிக்கு வியர்வையோடு வந்து இறங்கினார். நான் மாடிப்படியில் நின்று புது ரிமோட்டை அமுக்கினேன். "டுயிக் டுயிக்." தம்பி ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "எங்க அப்பா பண்ணிட்டாரு! எங்க அப்பா பண்ணிட்டாரு!" என்று கத்தினான். அவரைத் தாண்டி என்னிடம் ஓடி வந்தான். அந்த நிமிஷத்தைப் பொய் சொல்லாமல் எழுத வேண்டுமென்றால், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"பிராவோ சகல! பிராவோ!" என்று அவர் கை தட்டினார். மனதாரத்தான் தட்டினார். பிறகு வளையத்தை வாங்கிப் பழைய ரிமோட்டைக் காருக்கு நேரே நீட்டி அமுக்கினார். சத்தம் இல்லை. பக்கத்தில் போய் அமுக்கினார். குலுக்கிவிட்டு அமுக்கினார்.

"பெரியப்பாவோடது செத்துப் போச்சு!" என்று தம்பி கெக்கலி கொட்டிச் சிரித்தான். சகலையும் கூடவே சிரித்தார், ஆனால் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாட்டரி போயிருக்கும் என்று சொல்லிவிட்டு, விளையாடி வந்த களைப்போடு அதே வெயிலில் கடைத்தெரு வரைக்கும் நடந்துபோய்ப் புது பாட்டரி வாங்கி வந்தார். போட்டு அமுக்கினார். ஒன்றும் இல்லை.

"சகல, கொஞ்சம் பாரேன்" என்று என்னிடம் நீட்டினார்.

நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. பொடி திருப்புளியால் ரிமோட்டைத் திறந்தேன். உள்ளே எல்லாம் பளபளவென்று சுத்தமாக இருந்தது. தகட்டைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி பாசாங்கு செய்து, "உள்ள கான்டாக்ட் போயிடுச்சு சகலை, ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். நல்ல பொருளைக் கெட்டுவிட்டது என்று என் வாழ்க்கையில் சொன்னது அந்த ஒரு தடவைதான். என் தொழிலை வைத்துச் சொன்ன பொய். அதனால் அவர் ஒரு வார்த்தைகூடத் திருப்பிக் கேட்காமல் நம்பிவிட்டார். தலையாட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை மெட்ராஸ் போய் இதற்கும் இன்னொன்று வாங்கிக்கொள்கிறேன் என்றார். எந்தப் பயணத்தை மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லி ஆரம்பித்தேனோ, அதே பயணம்.

சாப்பிட உட்கார்ந்தோம். பெரியம்மா வஞ்சிரம் வறுத்திருந்தார்கள். சகலை என்னைக் கிண்டல் பண்ண ஆரம்பித்தார்.

"சகல கை ராசி எப்டி பாத்தீங்களா? ஒண்ணுக்கு உசுரு குடுத்தான், இன்னொண்ணுக்கு உசுர எடுத்துட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது பாப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பெரியப்பா, அது கெட்டுப் போவல. என் தப்புதான். பேப்பர்ல கடைசி வரிய நான் படிக்காம வுட்டுட்டேன். ரெண்டு ரிமோட்டையும் ஒண்ணா சொல்லிக்குடுக்கணுமாம். மறுபடி பண்ணா வந்துடும்."

சகலை கையை விரித்தார். "வொலா! இதுதான் உங்க இங்கிலீஷ் மீடியம்! ஒரு வரிய முழுங்கிட்டு என்னை வெயில்ல நடக்க வுட்டுட்டா பாரு!"

"அக்கா மக்கு!" என்றான் தம்பி.

"படிக்கும்போது கவனம் வேணாமா?" என்று உங்கள் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "நேத்து சாயங்காலம் முழுக்க அதத்தானே வச்சிக்கினு இருந்த?"

பாப்பா மீனில் முள் எடுத்துக்கொண்டே இருந்தாள். எடுத்த இடத்திலேயே மறுபடி மறுபடி எடுத்தாள். அவளுக்குப் படிப்பு என்றால் எவ்வளவு ரோஷம் என்று எனக்குத் தெரியும். ஒரு ஸ்பெல்லிங் தப்பானால் அழுகிற பிள்ளை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலாம்.

நான் உடனே வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. திறக்கவில்லை. இரண்டு வாய் சோறு சாப்பிட்டேன். இப்படியே போகட்டும், பிள்ளையே முடித்துவிட்டாள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மூன்றாவது வாய் உள்ளே போகவில்லை.

"அவ படிச்சா" என்றேன். "சனிக்கெழமயே படிச்சிச் சொன்னா. வண்டியில உக்காந்துகினும் சொன்னா. நான்தான் அமுக்கல."

"மறந்துட்டியா?" என்றார் சகலை.

"மறக்கல."

"அப்ப?"

"வேணும்னுதான் வுட்டேன். கான்டாக்ட் போயிடுச்சுன்னதும் பொய்தான்."

தம்பி, உனக்கு ஞாபகம் இருக்கிற அந்த மௌனம் இதுதான். பெரியம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றார்கள். உங்கள் அம்மா, "என்னங்க பேசுறீங்க?" என்று என் முழங்கையைப் பிடித்தாள். சகலை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பட்டாளத்தில் இருந்தவர், பெரிய கை. அடிப்பாரோ என்று நினைத்தேன். எழுந்து போய்க் கை கழுவினார். வெகு நேரம் கழுவினார். திரும்பி வந்து பாப்பாவிடம் மட்டும் பேசினார்.

"பேப்பர் எங்கம்மா இருக்குது?"

அவள் பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள்.

"வா, படி. வண்டியக் கவனிப்போம்."

மறுபடி அந்த அடுப்புக்குள் உட்கார்ந்தோம். இந்தத் தடவை அவர் ஓட்டுநர் இருக்கையில், நான் பக்கத்தில் இரண்டு ரிமோட்டையும் பிடித்துக்கொண்டு, பாப்பா பின்னால் தாளோடு. அவர் சாவியைத் திருப்பிக்கொண்டே ஃப்ரெஞ்சில் எண்ணினார். எண்ணுகிற சுவாரசியத்தில் திருப்புவது பின்தங்கிப் போனது.

"பெரியப்பா, நீங்க எண்ணாதீங்க, நான் எண்ணுறேன்" என்றாள் அவள்.

அவள் எண்ணினாள். எட்டில் பூட்டு மூடித் திறந்தது. நான் புதியதை அமுக்கினேன், பிறகு பழையதை. இரண்டுக்கும் "டக் டக்" என்று வந்தது. அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பாப்பா இறங்கிப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

"எதுக்கு சகல?" என்றார்.

 கேள்வி ஒன்றுதான், பதில் நிறைய இருந்தது. உங்கள் தூக்கம், உங்கள் சட்டை, உங்கள் ரொட்டி என்றெல்லாம் ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது? அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. இரண்டு ரிமோட்டையும் என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அதற்கப்புறம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைகளிடம் ஒரு குறையும் வைக்கவில்லை, என்னிடம் மட்டும் "வா", "உக்காரு", அவ்வளவுதான். அந்த வருஷம் அவரும் பெரியம்மாவும் ஃப்ரான்ஸ் போனபோது, வாரம் ஒரு தடவை இன்ஜினைப் போட்டு வைக்கச் சொல்லி வண்டியையும் ஒரு ரிமோட்டையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் புது ரிமோட்டையே நம் வீட்டில் கொடுத்து வைப்பதற்குத்தான் வாங்கினார் என்று பெரியம்மா பிற்பாடு உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அந்த ரிமோட்டோடு நிற்பதைப் பார்த்தபோது, எனக்கு அந்த மனுஷர் மேலேயும் பொறாமை வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். சாயங்காலம் அம்மாவும் தம்பியும் அங்கேயே தங்கிவிட்டார்கள். பாப்பாவுக்கு மறுநாள் டியூஷன் இருந்ததால், நானும் அவளும் மட்டும் மொபெட்டில் கிளம்பினோம்.  வழக்கமாக என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அன்று பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏர்போர்ட் பக்கம் தாண்டியதும் கேட்டாள்:

"அப்பா, நோட்டுல எழுதிட்டேன்னு சொன்னியே, எழுதினியா?"

"இல்ல."

"நான் எழுதிட்டியான்னு கேட்டேன்."

"கேட்ட. பொய் சொல்லிட்டேன். தப்புதான் பாப்பா."

"இனிமே நானே எழுதறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு ஏற்பாடு மாதிரி சொன்னாள். எனக்கு அது அடி மாதிரி விழுந்தது. அப்புறம் எத்தனையோ ஃபாரம், எத்தனையோ மனு, எல்லாம் நீதான் எழுதினாய். உனக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும் என்னை எழுத விடவில்லை. நானும் கேட்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஆரம்பித்தாள்.

"ஏம்பா அப்டிப் பண்ண? உனக்குக் கார் வேணுமா?"

சகலையிடம் சொல்ல முடியாததைப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் சொன்னேன். முகம் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசலாம் என்பதால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"கார் வேணாம் பாப்பா. ஞாயித்துக்கெழம ஆனா ரெண்டு பேரும் அங்க ஓடிடுறீங்க. எனக்கு அந்த ஒரு நாள்தான் லீவு. அங்க போனா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. அந்தப் பொறாமதான்."

ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

"தம்பிதாம்ப்பா ரிமோட்டுக்கு ஓடறான்" என்றாள். "நான் ஏசி ரூம்ல படுத்துப் படிக்கத்தான் போறேன். நம்ம வீட்ல வேர்க்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி ஆடியது. "ரோட்டப் பாத்து ஓட்டுப்பா" என்று அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பொறாமை அன்றோடு போய்விட்டது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் தலை வாரிக்கொண்டு, நான் இல்லாமலே பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றபோது, அது இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் இந்தத் தடவை நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைக்கவில்லை. "சாப்பாட்டுக்கு இங்க வந்துடுங்க, எனக்கு இன்னிக்கு லீவு" என்று வாயைத் திறந்து சொன்னேன். தம்பி முடியாது என்றான். பாப்பா ஒரு நிமிஷம் நின்று, "ரெண்டு மணிக்கு வந்துடறோம்ப்பா" என்று சொல்லிவிட்டு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் இரண்டு மணி வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டரைக்கு வந்தீர்கள்.